வெள்ளிப் பூச்சு கத்தீட்டர்: கூடுதல் செலவுக்குப் பலன் உண்டா?

(பேசுவோர்: சிறுநீரியல் மருத்துவர் ‘யூரோ’, நுண்ணுயிரியல் மருத்துவர் ‘நுண்ணோக்கி’, வார்டு சிஸ்டர்)

யூரோ:
ஃபோலி கத்தீட்டர் (சிறுநீரை வடிக்கச் சிறுநீர்ப்பைக்குள் விட்டு, நுனிப் பலூனால் நிறுத்தும் குழாய்) போட்டவர்களில் நாளொன்றுக்கு 3 முதல் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரில் கிருமி சேருகிறது. குழாயின் உட்சுவரில் கிருமிப் படலம் கட்டிவிட்டால் ஆன்டிபயாடிக் அதை அழிக்காது. ஒட்டும்போதே தடுக்கவேண்டும். எல்லா வார்டுக்கும் வெள்ளிப் பூச்சுக் குழாயே வாங்கவேண்டும் என்பது என் கட்சி.

நுண்ணோக்கி:
ஏற்கமாட்டேன் சார். 2012-ல் லான்செட்டில் வந்த பிரிட்டன் சோதனை: 24 மருத்துவமனைகள், 7,000-க்கும் மேற்பட்டோர், குறுகிய காலக் குழாய். அறிகுறியோடு தொற்று வந்தவர்கள் வெள்ளியில் 12.5 சதவீதம், சாதாரணப் பூச்சில் 12.6. சிறுநீரின் புரதம் படிந்ததும் கிருமி அதன்மேல்தான் ஒட்டுகிறது, வெள்ளிமேல் அல்ல.

யூரோ:
அதே சோதனையில் நைட்ரோஃபியூரசோன் (கிருமிக்கொல்லி மருந்து) பூசிய குழாயில் 10.6 தானே? அதை ஏன் விட்டீர்கள்?

நுண்ணோக்கி:
அந்த வித்தியாசம், பயனுண்டு என்று சொல்ல ஆய்வாளர்களே முன்கூட்டி வைத்த வரம்பை எட்டவில்லை. எரிச்சலும் அதிகம்.

வார்டு சிஸ்டர்:
பூச்சையே பேசுகிறீர்கள். கிருமி ஏறுவது குழாயின் வெளிப்புறமாகவும், கழற்றிய இணைப்பு, சிறுநீர் சேரும் பையின் திருகு வழியாகவும். பையைச் சிறுநீர்ப்பைக்கு மேலே தூக்கினால் பின்னோட்டம். ஒரே ஜாடியில் பத்துப் பேருக்கு வடித்தால் வார்டு முழுக்கப் பரவும். மாதிரியை எடுக்க இணைப்பைப் பிரிக்கவே கூடாது. அதற்கான போர்ட்டைத் துடைத்துச் சிரிஞ்சில் எடுக்கவேண்டும். காலை ரவுண்ட்ஸில் "இன்னும் தேவையா?" என்று கேட்டு எடுத்துவிடுவதைவிடப் பெரிய தடுப்பு இல்லை.

யூரோ:
முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு எப்படி எடுப்பது சிஸ்டர்? மாதக்கணக்கில் இருக்குமே.

நுண்ணோக்கி:
அங்கே வெள்ளி இன்னும் மோசமாகத் தோற்கும். புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற கிருமி, யூரியேஸ் என்ற நொதியால் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. சிறுநீர் காரமாகி, ஸ்ட்ருவைட் (மெக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட்) படிகமும் கால்சியம் பாஸ்பேட்டும் படிந்து நுனித் துளையை அடைக்கும். பூச்சு படிகத்துக்கு அடியில் புதைந்துபோகும். நிறையத் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் இந்தப் படிவைத் தாமதப்படுத்தும். குழாய் 2 வாரத்தைத் தாண்டி, காய்ச்சல் போன்ற அறிகுறி வந்தால், முதலில் குழாயை மாற்றுங்கள். புதிய குழாயிலிருந்து கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) மாதிரி, பிறகு மருந்து. பழைய குழாயில் எடுத்தால் படலத்தின் கிருமிகளே வளரும்.

யூரோ:
மாற்றுவது சரி. ஆனால் முழு சிலிகோனுக்காவது பணம் ஒதுக்குங்கள். அதே பிரெஞ்சு அளவில் (குழாயின் வெளித் தடிமன் அளவு) உள்விட்டம் பெரிது, அடைய நாளாகும்.

வார்டு சிஸ்டர்:
அதை ஆதரிக்கிறேன். ஆனால் சிலிகோன் பலூனில் நீர் மெல்லக் கசியும், குழாய் நழுவலாம். பலூனுக்குக் கிருமிநீக்கிய நீர்தான், சலைன் வேண்டாம். உப்பு படிந்தால் பலூன் இறங்காது.