மறுமொழி: பல ஸ்பீக்கர் வைத்த வீட்டு இசைக்கு ஒரு சொல் – ‘ஒலிப்பாசனம்’

நண்பர்களுக்கு வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்கு நான் முன்வைத்த ‘ஒலிப்பாசனம்’, ‘மடை’ பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> ‘சூழொலி’ இருக்கும்போது இன்னொரு சொல் எதற்கு?

சூழொலி (சரவுண்ட் சவுண்ட்) வேறு. அதில் நடுவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அவருக்குக் காட்டத்தான் சுற்றிலும் ஸ்பீக்கர். நான் சொல் தேடுவது நடு இருக்கையே இல்லாத வீட்டுக்கு. கும்பகோணம் பக்கத்தில் என் தங்கை கட்டிய வீட்டில் கூடம், சாப்பிடும் இடம், அடுப்படி மூன்றுக்கும் நடுவே சுவர் கிடையாது. காலையில் நாதஸ்வரம் போட்டால் அவள் அடுப்பருகில், மாமியார் வாசல் பக்கம், பிள்ளைகள் மேசையில். எல்லாருக்கும் ஒரே அளவில் மெல்லக் கேட்க வேண்டும், பேச்சை அமுக்கக் கூடாது. திசை இங்கே யாருக்கும் வேண்டாம். அதனால் இடம், வலம் இரண்டையும் கலந்து ஒரே தடமாகத்தான் எல்லா ஸ்பீக்கருக்கும் அனுப்புகிறோம்.

முதலில் கூடத்தில் பெரிய ஸ்பீக்கர் ஒன்றுதான் இருந்தது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். வீட்டுக்குள் சுவர் எதிரொலிப்பதால் அவ்வளவு இல்லை, ஆனாலும் குறையும். அடுப்படிக்குக் கேட்கட்டும் என்று கூட்டினால் கூடத்தில் இருப்பவர் பேச முடியாது. அதைப் பார்த்துவிட்டு அப்பா சொன்னார்: “தலைமடையில வெள்ளம், கடைமடையில காய்ச்சல்.”

சொல் அங்கேதான் கிடைத்தது. ஆற்றை அப்படியே வயலுக்குள் விடுவதில்லையே. வாய்க்கால் பிரித்து, மடை மடையாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறோம். இப்போது அவள் வீட்டுக் கூரையில் சின்ன ஸ்பீக்கர் ஆறு, எல்லாம் தணிந்த குரலில். இதற்கு ஒலிப்பாசனம் என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. ‘ஒலிப் பகிர்மானம்’ என்ற பரிந்துரையும் தப்பில்லை, ஆனால் கேட்டவுடன் மின்வாரியம்தான் நினைவுக்கு வருகிறது.

> ஸோனுக்கு ‘மண்டலம்’ போதாதா?

ஸோன் என்பது வீட்டில் ஒலியைத் தனியாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு பகுதி. மண்டலம் வெறும் பரப்பு. நமக்கு வேண்டியது தனியாகத் திறக்கவும் அடைக்கவும் குறைக்கவும் கூடிய ஒன்று. அதுதான் மடை. “அடுப்படி மடையைக் கொஞ்சம் குறை” என்றேன், தங்கை விளக்கம் கேட்காமல் குறைத்தாள். ‘மடையொலி’ மட்டும் வேண்டாம். அது மடையில் நீர் விழும் சத்தத்துக்கே இருக்கட்டும்.

> நீர் உவமை முழுக்கப் பொருந்துமா?

ஓரிடத்தில் பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். ஜூன் 12 மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே சில நாள், கடைமடைக்கு அப்புறம் இன்னும் பல நாள். பாசனத்தில் அது இயல்பு. ஒலியில் அந்தத் தாமதம்தான் கேடு. தொடக்கத்தில் கூடத்துக்குக் கம்பி இழுத்துவிட்டு அடுப்படிக்கு மட்டும் ப்ளூடூத் ஸ்பீக்கர் வைத்தோம். ஒவ்வொரு தவில் அடியும் இரண்டாகக் கேட்டது. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிநொடி. ப்ளூடூத் 100, 200 மில்லிநொடிகூடத் தாமதிக்கும். அடுப்படி ஸ்பீக்கரை 30, 60 மீட்டர் தள்ளி அடுத்த தெருவில் வைத்த மாதிரிதான். ஜெர்மன் ஆய்வாளர் ஹெல்முட் ஹாஸ் 1949இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் காட்டியது இதைத்தான்: சுமார் 30 மில்லிநொடி வரை பிந்தி வரும் ஒலியைக் காது முதல் ஒலியோடு சேர்த்துக்கொள்ளும், அதைத் தாண்டிப் போகப்போக எதிரொலியாகப் பிரித்துவிடும். ஆறையும் கம்பியில் இணைத்த பிறகு சரியாகிவிட்டது.

ஆகவே இந்த அளவுக்கும் ஒரு சொல் வேண்டும். ‘தாமதம்’ பொதுவாக இருக்கிறது. ‘பிந்தல்’ எப்படி? ‘இந்த மடையின் பிந்தல் 20 மில்லிநொடி’ என்று எழுதிப் பார்த்தேன், தடையில்லாமல் வருகிறது.

பட்டியலில் சேர்க்கும் முன் ஒரு வேண்டுகோள். தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கம் கல்யாண மண்டபங்களுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவர்கள் இவற்றை என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று யாராவது நேரில் கேட்டு எழுதுங்கள். அவர்களிடம் புழங்கும் சொல் இருந்தால் என் மூன்றையும் எடுத்துவிட்டு அதையே வைத்துக்கொள்வோம்.