‘கலவைக் கதவு’க்கு மாற்றாக ‘காற்று மடைமாற்றி’

நண்பர்களுக்கு வணக்கம்.

கார் ஹீட்டரில் குளிர்காற்று வருவதற்கான காரணங்களைச் சொல்லும் பழுதுநீக்கக் கையேட்டில், டாஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பிவிடும் தகட்டை (blend door) ‘கலவைக் கதவு’ என்று குறிக்கலாம் என நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. கலவை என்றதும் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவைதான் மெக்கானிக்கின் நினைவுக்கு வரும். ‘கதவு பழுது’ என்று படிப்பவரோ வண்டியின் கதவைத்தான் பார்ப்பார்.

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், அங்கே சூடேறி, இரண்டு ரப்பர் ஹோஸ்கள் வழியாக டாஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள சிறிய ரேடியேட்டருக்குப் போய்த் திரும்புகிறது. புளோயர் விசிறி தள்ளும் காற்றை அந்த ரேடியேட்டரின் ஊடே விடுவதும், அதைத் தொடாமல் ஒதுக்கி விடுவதும் இந்தத் தகட்டின் வேலை. வாய்க்கால் நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் திருப்புவதை மடை மாற்றுவது என்கிறோம். ஆகவே ‘காற்று மடைமாற்றி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். முழுதாகத் திருப்புவதை மட்டுமே இது குறிக்கும் என்ற மறுப்பு எழலாம். மடையைப் பாதி அடைத்தால் நீர் இரு பக்கமும் பாயும் என்பதால் அந்த மறுப்பு நிற்காது.

பழுது பார்க்கும் வரிசையில் வைத்தும் இச்சொல்லைச் சோதிக்கலாம். ஏற்காட்டில் மார்கழிக் காலையில் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் குளிர்காற்றே வந்தால், அந்த இரண்டு ஹோஸ்களையும் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் சுட்டால், சூடு உள்ளே வந்து சேர்கிறது, மடைமாற்றிதான் சிக்கியிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். வெப்பக் குமிழைத் திருப்பும்போது டாஷ்போர்டுக்குள் ‘டக் டக்’ என்று கேட்டால், மடைமாற்றியை இயக்கும் பல்சக்கரம் உடைந்திருக்கக்கூடும். ஒன்று சுட்டு மற்றது ஆறியிருந்தால் பெரும்பாலும் அந்தச் சிறிய ரேடியேட்டரில் அடைப்பு. இரண்டுமே ஆறியிருந்தால் கூலன்ட் குறைவு, ஏர் லாக் (கூலன்ட் பாதையில் காற்று சிக்குவது), அல்லது மூடாமல் நின்றுவிட்ட தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும் வரை கூலன்ட்டை முன்புறப் பெரிய ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு). இந்தக் கடைசிப் பழுதை நம் மலைப்பாதையே காட்டிக்கொடுக்கும்: ஏறும்போது ஓரளவு சூடாக வரும் காற்று, ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு 20 கொண்டை ஊசி வளைவுகளில் சேலம் நோக்கி இறங்கும்போது ஆறிப்போகும், எஞ்சின் வெப்பத்தைக் காட்டும் முள்ளும் கீழே சரியும்.

மடைமாற்றி நடுவில் சிக்கினால் சமவெளியில் ஏசியும் சரியாகக் குளிராது என்பதால், கையேட்டின் ஏசி பகுதியிலும் இதே சொல் வர வேண்டும். அதை இயக்கும் சிறு மோட்டாரை ‘மடைமாற்றி மோட்டார்’ என்றே எழுதலாம். ‘மோட்டார்’ என்பதை மாற்ற வேண்டிய தேவை இருப்பதாக நான் கருதவில்லை.