67 ஆசியா: மெட்ராஸில் கண்டுபிடித்தது எப்படி?

நிலாமுற்றம்:
சிறுகோள் பட்டியலில் 67-ஆம் எண்ணில் 'ஆசியா' என்று இருக்கிறது. கண்டுபிடித்த இடம் மெட்ராஸ், வருடம் 1861. படமெடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் வராத காலம். ஒரு புள்ளியைப் பார்த்து 'இது நட்சத்திரம் இல்லை' என்று எப்படிச் சொன்னார்கள்? பெயர் யார் வைத்தது?

துருவன்:
எனக்கு மிகவும் பிடித்த சிறுகோள் இது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆங்கிலேய வானியலாளர் நார்மன் போக்சன் மெட்ராஸின் நுங்கம்பாக்கம் வானாய்வகத்துக்கு வந்தது 1861-ல். வந்த சில மாதங்களுக்குள், ஏப்ரல் 17 அன்று, இதைப் பிடித்துவிட்டார். வானத்தின் ஒரு சின்னப் பகுதியில் இருக்கும் மங்கலான நட்சத்திரங்களை எல்லாம் வரைபடத்தில் குறித்து வைத்திருப்பார்கள். தொலைநோக்கியில் பார்க்கும்போது படத்தில் இல்லாத புள்ளி ஒன்று தென்பட்டால், அது பக்கத்து நட்சத்திரங்களை விட்டு நகர்கிறதா என்று தொடர்ந்து கவனிக்க வேண்டும். நகர்ந்தால் அது சூரியனைச் சுற்றும் ஆள். முழுக்கக் கண்ணையும் பொறுமையையும் நம்பிய வேலை. நட்சத்திர ஒளியளவில் 5 படி வித்தியாசம் என்றால் பிரகாசத்தில் 100 மடங்கு என்று 1856-ல் வரையறுத்தவரும் இவர்தான். மங்கல் புள்ளிகளை எடைபோடுவதில் அவ்வளவு தேர்ச்சி.

ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் என்பதால் அந்தப் பெயரை வைத்தார். அப்புறம் இங்கிருந்தே சாஃபோ (1864), சில்வியா (1866), வேரா (1885). சில்வியாவுக்கு இரண்டு துணைக்கோள்கள் உண்டு என்பது நம் காலத்தில்தான் தெரிந்தது.

நிலாமுற்றம்:
சரி, நகர்கிறது என்று தெரிந்துவிட்டது. பாதையை எப்படிக் கணக்கிடுவது?

துருவன்:
வெவ்வேறு இரவுகளில் துல்லியமாக அளந்த மூன்று இடங்கள் இருந்தால் முதல் கணக்குப் போட்டுவிடலாம். 1801-ல் சூரிய ஒளியில் மறைந்துபோன சீரிஸை (முதன்முதலில் கண்டுபிடித்த சிறுகோள்) திரும்பக் கண்டுபிடிக்க உதவியது கணித மேதை காஸ் போட்ட இப்படியொரு கணக்குதான். சூரியனிலிருந்து ஆசியாவின் சராசரித் தூரம் 2.42 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம்), ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3 ஆண்டு 9 மாதம். பாதை நன்றாகவே நீள்வட்டம்: சூரியனை நெருங்கும்போது சுமார் 2 அலகு, விலகும்போது 2.9.

மலைக்காற்று:
தமிழ்நாட்டுக் கண்டுபிடிப்புகளில் காவலூர் வானாய்வகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1988 பிப்ரவரியில் வானியலாளர் ராஜமோகன் அங்கே கண்டுபிடித்த சிறுகோள்தான் 4130 ராமானுஜன்.

நிலாமுற்றம்:
இப்போதும் கண்டுபிடித்தவர் உடனே பெயர் வைத்துவிடலாமா?

துருவன்:
முடியாது. முதலில் தற்காலிகக் குறியீடு மட்டும்தான். பல ஆண்டுக் கவனிப்பில் பாதை உறுதியானால் நிரந்தர எண் கிடைக்கும். அதற்குப் பிறகு பெயரை முன்மொழியக் கண்டுபிடித்தவருக்கு 10 ஆண்டு அவகாசம். ஏற்பது சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு. காசு கொடுத்துப் பெயர் வாங்க வழியே இல்லை, யாராவது விற்கிறேன் என்றால் நம்பாதீர்கள்.