ரீஃப் டேங்குக்கு (பவளம் வளக்கற கடல் தண்ணி தொட்டிக்கு) அடியில என்ன போடறது? மணலா, கோரல் சிப்ஸா, வெறும் கண்ணாடியா?

சென்னை_தொட்டி: வணக்கம் மக்களே, 3 அடி நீளம் ஒன்றரை அடி அகலம் டேங்க், இவ்ளோ நாள் ப்ளான்டட் (நல்ல தண்ணிச் செடித் தொட்டி) தான், இப்ப ரீஃப்க்கு மாத்தறேன். ஜோடி கிளவுன் மீன், ஒரு மஞ்சள் கோரிஸ் ராஸ் மீன், கொஞ்சம் சாஃப்ட் கோரல் (மெத்துனு இருக்கற பவளம்), இதான் ப்ளான். கொளத்தூர்ல ஒரு கடையில கோரல் சிப்ஸ் (உடைச்ச பவளத் துண்டு) போட்டா பிஹெச் (தண்ணியோட அமில-கார அளவு) தானா நிக்கும்ங்கறாங்க, ஃப்ரெண்டு ஒருத்தன் ராமேஸ்வரம் கரையில ஒதுங்கற பவளத் துண்ட அள்ளிட்டு வரலாம்ங்கறான். எது சரி?

உப்புத்தண்ணி: ராமேஸ்வரத்த முதல்ல மறந்துடுங்க ப்ரோ, பவளம் வனவிலங்கு சட்டத்துல புலி இருக்கற அதே முதல் அட்டவணையில இருக்கு, செத்த துண்டா இருந்தாலும் கேஸ்தான். பிஹெச் கதையும் பாதிதான் உண்மை. சிப்ஸ்ல இருக்கற சுண்ணாம்பு, அதாவது அரகோனைட், கரையணும்னா பிஹெச் 8க்கு நல்லா கீழ போகணும், கால்சியம் ரியாக்டர்ல (பவளத் துண்ட கரைச்சு தொட்டிக்கு கால்சியம் கொடுக்கற கருவி) கூட கார்பன் டை ஆக்சைடு விட்டு 6.5 பக்கம் இறக்கித்தான் கரைக்கறாங்க. உங்க டேங்க் 8.2ல ஓடறப்ப அது சும்மா கிடக்கும், கேஹெச் (பிஹெச்ச நிலையா வைக்கற கார்பனேட் அளவு) தனியா டோஸ் பண்ணித்தான் ஆகணும். சிப்ஸ் இடுக்குல தீனியும் கழிவும் போய் உக்காந்து நைட்ரேட் ஏறும், அது வேற.

அக்ரோபோரா_பைத்தியம்: நான் பேர் பாட்டம் (வெறும் கண்ணாடி) கட்சி 😄 எஸ்பிஎஸ்க்கு (அக்ரோபோரா மாதிரி கல் பவளம்) வேவ்மேக்கர் (தண்ணிய அலையடிக்க வைக்கற பம்ப்) முழு வேகத்துல ஓடணும், மணல் இருந்தா பாலைவனப் புயல்தான். கழிவு ஒரு மூலையில சேரும், சைஃபன் பண்ணா முடிஞ்சுது.

உப்புத்தண்ணி: அவர் கேட்டது சாஃப்ட் கோரல் ஜி, அதுவுமில்லாம கோரிஸ் ராஸ் ராத்திரி மணலுக்குள்ள புதைஞ்சுதான் தூங்கும், பயந்தாலும் உள்ளதான் பாயும். வெறும் கண்ணாடியில அது எங்க போகும்? சிப்ஸ்ல பாய்ஞ்சா உடம்பு கீறிடும்.

அக்ரோபோரா_பைத்தியம்: ஓ ராஸ கவனிக்கல, அப்ப மணல்தான்.

சென்னை_தொட்டி: சரிண்ணா, எவ்ளோ மணல் வாங்கறது? லைவ் சாண்ட் (பாக்டீரியா உள்ள மணல்) வேணுமா?

உப்புத்தண்ணி: ட்ரை அரகோனைட் மணல் போதும், லைவ் ராக்ல (பாக்டீரியா குடியிருக்கற கல்) இருந்து பாக்டீரியா தானா பரவும், காச ராக்ல போடுங்க. ராஸ்க்கு 2 இன்ச் வேணும், உங்க அளவுக்கு 30 கிலோ கிட்ட ஆகும். ரொம்ப மாவா இருக்கற மணல் வேணாம், 1 மில்லிமீட்டர் சுத்தி பாருங்க, இல்லேன்னா பறந்து கோரல் மேல உக்காரும். பக்கெட்ல தண்ணி தெளியற வரைக்கும் அலசுங்க, ராக்க நேரா கண்ணாடி மேல வச்சுட்டு அப்புறமா மணல் கொட்டுங்க, மணல் மேல ராக் வச்சா கீழ தோண்டற மீன் இருக்கறப்ப ஒருநாள் சரிஞ்சிடும்.

சென்னை_தொட்டி: டேங்க்ல ஏற்கனவே ப்ளான்ட் சாயில் (செடிக்குப் போட்ட மண்) இருக்கே, அது மேலயே கொட்டலாமா?

அக்ரோபோரா_பைத்தியம்: ஐயோ வேணாம், அது கேஹெச்ச உறிஞ்சும், உரமும் கக்கும். முழுசா காலி பண்ணி கழுவிட்டு ஆரம்பிங்க.