பென்சத்தின் பெனிசிலின் ஊசி எங்கே கிடைக்கும்?

கேள்வி (தண்டையார்பேட்டை):
ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு பாதிக்கப்பட்ட என் மகளுக்கு, 21 நாட்களுக்கு ஒருமுறை 12 லட்சம் யூனிட் பென்சத்தின் பெனிசிலின் போட வேண்டும். வியாழனன்று தவணை, ஏறி இறங்கிய ஆறு மருந்துக்கடைகளிலும் ‘ஸ்டாக் இல்லை’ என்று கைவிரித்துவிட்டார்கள்.

பதில்:
ஐயா, மருத்துவர் சீட்டுடன் பூங்கா நகர் நைனியப்ப நாயக்கன் தெருவின் மொத்த விற்பனைக் கடைகளில் விசாரியுங்கள். வெறுமனே ‘பெனிசிலின்’ என்று கேட்டால், சில மணி நேரமே உடலில் தங்கும் பென்சைல் பெனிசிலினை எடுத்துத் தந்துவிடக்கூடும் (எனக்கு அப்படித்தான் நேர்ந்தது). ஆகவே குப்பியின் மேல் ‘பென்சத்தின்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்த பின்பே பணம் கொடுங்கள்.

மற்றொரு பதில்:
அதற்கு முன் ஸ்டான்லி மருத்துவமனையில் கேட்டுவிடுங்கள். அங்கும் இல்லையென்றால், தவணையைத் தள்ளிப்போடாமல், ஊசி கிடைக்கும்வரை தினமும் பெனிசிலின் மாத்திரை தரலாமா என்று இதய மருத்துவரிடம் கேளுங்கள்.

கேட்டவர்:
நன்றி. நாளைக் காலை ஸ்டான்லிக்குச் செல்கிறேன்.