பழைய எண்ணெய்க் கிணற்றில் தண்ணீரை அடைத்த அனுபவம் யாருக்காவது உண்டா?

வணக்கம். குஜராத்தின் அங்கலேஷ்வரில் 1960இல் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். அந்த வட்டாரத்தில் ஒரு சிறிய, பழைய எண்ணெய் வயலில் வேலை செய்கிறேன். ஒரு கிணற்றில் 100 பீப்பாய் திரவம் எடுத்தால் 92 பீப்பாய் தண்ணீர்! அதைப் பிரித்து, சுத்திகரித்து, மீண்டும் பூமிக்குள் செலுத்தும் செலவே வருமானத்தைத் தின்றுவிடுகிறது. மூடிவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பாறையில் இன்னும் எண்ணெய் தங்கியிருக்கிறது.

புதிய கிணறு தோண்டப் பணம் இல்லை. கையிலிருந்த பதிவுகளை வைத்து, நீர்–எண்ணெய் விகிதத்தை மடக்கை வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். விகிதம் திடீரென ஏறுகிறது, ஏறும் வேகமும் கூடிக்கொண்டே போகிறது. அடியிலிருந்து கூம்பாக எழும் நீராக இருந்தால் அந்த வேகம் நாளடைவில் தணிந்திருக்கும். ஆகவே, திரவம் எளிதில் ஊடுருவும் ஏதோ ஒரு பாறை அடுக்கு வழியாகவோ, கிணற்றுக் குழாய்க்கும் பாறைக்கும் இடையே பூசிய சிமெண்டின் பழுது வழியாகவோ நீர் வருகிறது என்று நினைக்கிறேன்.

நீர் வரும் வழியை அடைக்கப் பாலிஅக்ரிலமைடு ஜெல் (கூழ்போல் இறுகும் பாலிமர்) செலுத்தியவர்கள் இருக்கிறீர்களா? எண்ணெய் தரும் அடுக்கையும் அது அடைத்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். முதலில் சிமெண்டைச் சோதிப்பதா? இரண்டுக்கும் தேவைப்படும் ரிக்கின் (கிணற்றில் வேலை செய்யும் கோபுர இயந்திரத்தின்) வாடகைதான் பெருஞ்செலவு. ஒருமுறைதான் கொண்டுவர முடியும். பட்டறிவு உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.