எட்டு வடிவப் பாதையும் மரத்துப்போன என் பாதமும்

எனக்கு வயது 61, சர்க்கரை வந்து 14 வருஷம். நாலு வருஷமாக ராத்திரி படுத்தால் உள்ளங்காலில் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிச்சல். பகலில் நேர்மாறாக, பஞ்சு மேல் நடப்பது போல மதமதவென்று இருக்கும். ஒருநாள் தி.நகர் நெரிசலில் இடது செருப்பு கழன்றது தெரியாமலே நாலு கடை தாண்டிவிட்டேன். அப்போதே டாக்டரிடம் போயிருக்க வேண்டும்.

வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதை இருக்கிறது. வெறுங்காலில் எட்டு போட்டால் நரம்பு தூண்டப்பட்டு எரிச்சல் போய்விடும் என்று கூட நடப்பவர்கள் சொன்னார்கள். மற்றவர்கள் கல் குத்திக் காலைக் காலைத் தூக்க, நான் மட்டும் விறுவிறுவென்று 20 சுற்று போனேன். கால் பலமாகிவிட்டது என்று சந்தோஷம் வேறு.

இரண்டாவது வாரம் மருமகள் கூப்பிட்டாள். "அத்தை, தரையெல்லாம் ரத்தம். உங்க காலைக் காட்டுங்க." கட்டைவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. துளி வலியில்லை.

டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொடப்போவதாகவும், தொட்டால் சொல்லவேண்டும் என்றும் சொன்னார். காத்திருந்தேன். ரொம்ப நேரமாயிற்று. "எப்போ சார் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன். "முடிச்சிட்டேம்மா" என்றார். அன்று ராத்திரி எரிச்சலைவிட அந்த வார்த்தைதான் தூங்கவிடவில்லை.

புண் ஆற ஐந்து வாரம். அதுவரை நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் எல்லாம்: முழங்காலை நீட்டி ஐந்து எண்ணுவது, தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக் கையைத் தூக்கி இறக்குவது. இனி நடக்கவே கூடாதோ என்று பயந்தேன். புண் இல்லாமல், சரியான செருப்போடு மிதமாக நடந்தால் அதனால் புண் வரும் ஆபத்து கூடுவதில்லை என்று டாக்டர் தைரியம் சொன்னார். அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் 2010 அறிக்கையிலும் இது இருக்கிறதாம்.

இப்போது எம்.சி.ஆர் என்னும் மெத்தென்ற ரப்பர் செருப்பு வீட்டுக்குள்ளும் உண்டு. வெளியே போக ஷூ. கால் வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில் போய் அளவு பார்த்து வாங்கினேன். 10 நிமிஷமாக மூன்று தடவை நடக்கிறேன். சாக்ஸ் வெள்ளைதான், ரத்தம் பட்டால் உடனே தெரியும். ஷூ போடுமுன் கையை விட்டுத் துழாவுவேன். ஒருமுறை பேத்தியின் தோட்டுத் திருகாணி கிடந்தது! நடந்து வந்ததும் கண்ணாடியில் உள்ளங்காலைப் பார்ப்பேன். ஒரு பாதம் மட்டும் சிவந்து சூடாக இருந்தால் நடையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்புறம், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலும் விரலும் ஒட்ட அடியடியாக நடக்கும் பயிற்சி. தடுமாற்றம் குறைந்திருக்கிறது.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

*

திருவொற்றியூரிலிருந்து எழுதுகிறேன், அக்கா. எனக்குக் கல் இல்லை, வெயில். சித்திரை மாதம் பகல் 12 மணிக்குக் கோயில் பிரகாரத்தில் மூன்று சுற்று சுற்றினேன். பக்கத்தில் வந்தவர்கள் ஓடி நிழலில் ஒதுங்கினார்கள், நான் நிதானமாக நடந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு பாதத்திலும் கொப்புளம். இப்போது விடியற்காலை தரிசனம்தான். மெரினாவிலும் மணலில் இறங்குவதில்லை, நடைபாதையோடு சரி. எரிச்சலுக்கு வெந்நீரில் கால் வைப்பதையும் விட்டுவிட்டேன். குளிக்கும் தண்ணீரின் சூட்டைக்கூட என் மனைவிதான் தொட்டுப் பார்த்துச் சொல்கிறாள்.

*

எனக்குச் சர்க்கரையால் வந்த நரம்பு பாதிப்பு காலோடு நிற்கவில்லை. படுத்திருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். தரையில் படுத்துச் செய்யும் பயிற்சி முடிந்ததும் இரண்டு நிமிஷம் உட்கார்ந்த பிறகுதான் எழுகிறேன். இன்சுலின் போடுவதால் நடக்கப் போகுமுன் சுகர் பார்ப்பேன். 100-க்குக் கீழே இருந்தால் முதலில் ஏதாவது சாப்பிடுவேன். ராத்திரி எரிச்சல் உங்களுக்குக் குறைந்ததா அம்மா?

*

குறைந்தது, ஆனால் நடையால் மட்டும் இல்லை. பல வருஷம் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் பி12 குறையலாம் என்று ரத்தம் பார்த்தார்கள். எனக்குக் குறைவாகத்தான் இருந்தது. அதற்கு ஊசி, ராத்திரிக்கு நரம்பு வலி மாத்திரை. மாத்திரை ஆரம்பித்த வாரம் தள்ளாட்டமாக இருந்ததால் காலை நடைக்கு என் கணவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். இன்னும் கூட வருகிறார்.